ரப்பர் கருகும் வாடையா? பெல்ட்டை மாற்றுமுன் இதைப் பாருங்கள்

கார் கதவைத் திறந்ததுமே ரப்பர் கருகும் நெடி அடித்தால் பாதிப் பேர் "எஞ்சின் பெல்ட் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மெக்கானிக்கும் புது பெல்ட்டை மாட்டி அனுப்பிவிடுவார். பத்தே நாளில் அதே வாடை திரும்பி வரும். காரணம் எளிது: பெல்ட் தானாகக் கருகாது, அதைக் கருக்குகிற ஒன்று பக்கத்தில் இருக்கிறது.

முதலில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். பானெட் இடுக்கில் புகை வந்தால் பானெட்டைத் தூக்காதீர்கள், காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். புகை இல்லையென்றால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பானெட் பக்கம் வாடை தூக்கலாக இருந்தால் பெல்ட் அல்லது ஏசி கம்ப்ரசர். ஒரு சக்கரத்தில் மட்டும் அடித்தால் பிரேக். காகிதம் கருகின மாதிரிக் காட்டமாக இருந்தால் கிளட்ச். பிளாஸ்டிக் நெடி, அதிலும் மீன் வாடை கலந்து வந்தால் வயர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெல்ட்டுக்கு வருவோம். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) நேர்க்கோட்டில் இல்லை. எஞ்சின் ஓடும்போது 'கீச்' சத்தம் இருந்தால், கையும் துணியும் படாமல் தள்ளி நின்று பெல்ட்டின் வரிப்பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் சற்று நின்று திரும்பினால் புல்லி கோணல், கூடினால் பெல்ட் தளர்வு.

பிறகு பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அது போகும் வழியைக் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாட்டும்போது திண்டாட்டம். ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் வெறும் புல்லி), டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரவென்றாலோ, ஆட்டம் கண்டாலோ, இறுகி நின்றாலோ அதுதான் குற்றவாளி. ஏசி கம்ப்ரசரில் வெளிப்புல்லி லேசாகச் சுற்ற வேண்டும், நடுத்தட்டு அசையாமல் நிற்க வேண்டும். ஏசி போட்டால் மட்டும் வாடை வந்தால் அந்தத் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். தேய்ந்து இடைவெளி கூடினால், தட்டை இழுக்கும் காந்தக் காயில் சூடாகி இழுவை குறையும்போது தட்டு வழுக்கிக் கருகும். கத்திரி வெயிலில் மத்தியானம் மட்டும் வாடை வருவதன் ரகசியம் பல வண்டிகளில் இதுதான். (இந்தத் தட்டும் புல்லியும் சேர்ந்த கிளட்ச் இல்லாத கம்ப்ரசருக்கு இது பொருந்தாது.)

டென்ஷனர் தானாக இறுக்கும் வண்டியில் நீங்கள் இறுக்க எதுவும் இல்லை. போல்ட் வைத்து இறுக்கும் பழைய வி-பெல்ட்டில், நீளமான பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. உள்வாங்கினால் போதும். சத்தம் போகட்டும் என்று இன்னும் முறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங் போகும். சோப்பு தடவுவதெல்லாம் வேண்டாத வேலை.

பிரேக் பிடித்தபடியே ஓடுவது அடுத்த பெரிய காரணம். புறங்கையைச் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அது ஆறியபின் ஜாக்கி போட்டுச் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் காலிப்பரின் (பிரேக் பேடை அழுத்தும் பகுதி) ப்ளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகை, கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு, சக்கரமும் விட்டால் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. அப்போதும் விடாவிட்டால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ பிடித்திருக்கிறது. ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதா கிரீஸ் ரப்பர் உறையை (பூட்) ஊதவைத்து மறுபடி பிடிக்கவைக்கும். நிப்பிளைத் திறந்த பின், பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்காமல் ஓட்டாதீர்கள். பின்சக்கரம் இரண்டும் சூடென்றால் ஹேண்ட் பிரேக் கேபிள்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது முன்சக்கரம் இரண்டிலும் நெடி வந்தால் அது கோளாறு அல்ல, ஓட்டும் முறை. இரண்டாவது கியரில் இறங்குங்கள். நிறுத்தினால் கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

சித்திரைத் திருவிழா நெரிசலில் அரை கிளட்ச்சில் ஊர்ந்த பிறகு வரும் நெடி ஒரு ராத்திரியில் போய்விட்டால் பயமில்லை. போகாவிட்டால் சமதரையில், முன்னால் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக் இழுத்து, நாலாவது கியரில் 1500 ஆர்.பி.எம்.மில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், இந்தச் சோதனையே பிளேட்டைத் தின்னும். மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். ஆயில் பட்டால் புதுப் பிளேட்டும் வழுக்கும்.

அறுப்புக் காலத்தில் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் போய்வந்தால் இதையெல்லாம் தொடுமுன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ரோட்டில் காயப்போட்ட கொள்ளுச் செடியும் உளுந்துச் செடியும் ஆக்சிலில் சுற்றிக்கொண்டு, அனலாக இருக்கும் சைலன்சரிலும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரிலும் படும். முதலில் கருகின வாடை, கொஞ்ச தூரத்தில் தீ. குவித்த செடிமேல் ஏற்றாமல் சுற்றிப் போங்கள். ஏற்றிவிட்டால் அதைத் தாண்டி வெற்றுத் தரையில் நிறுத்தி, சைலன்சர் ஆறியதும் குச்சியால் இழுத்து எடுங்கள். முறுக்கிக்கொண்டால் அரிவாளால் நறுக்கலாம். பிரேக் ஹோஸில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்சரில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பையையும் ஆறவிட்டு மரக்கரண்டியால் சுரண்டலாம். மிச்சம் இரண்டொரு நாள் ஓட்டத்தில் தானே எரிந்து போகும்.