லேடெக் மூலத்தையும் பி.டி.எஃப் பக்கத்தையும் இணைத்து எழுதுதல்

லேடெக்கில், உரையையும் வடிவமைப்புக் கட்டளைகளையும் மூலக் கோப்பொன்றில் எழுதி, அதைத் தொகுத்துப் பி.டி.எஃப் பக்கங்களாக்குகிறோம். அப்படி எழுதும் மட்டக்களப்பு வாவியின் உவர்த்தன்மை பற்றிய ஆய்வேடு நூறு பக்கங்களைத் தாண்டிய பிறகு, மேற்பார்வையாளர் 73ஆம் பக்கத்தில் வட்டமிட்டுக் கொடுத்த பிழையை மூலக் கோப்பில் தேடிப் பிடிப்பதே தனி வேலையாகிவிடும். பக்கத்தில் சொடுக்கியவுடன் அதற்குரிய வரியில் கொண்டுபோய் நிறுத்தும் வசதியைச் சின்க்டெக் தருகிறது. ஜெரோம் லோரன்ஸ் உருவாக்கிய இக்கருவி, லேடெக் மென்பொருள்களின் திரட்டான டெக் லைவின் 2008 பதிப்பிலிருந்து, மூலத்தைப் பி.டி.எஃப் ஆக்கும் தொகுப்பிகளுடன் சேர்ந்தே வருகிறது.

தொகுக்கும் கட்டளையில் சின்க்டெக் தெரிவுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். மூலத்தை எழுத உதவும் செயலிகளான டெக்ஸ்டுடியோவிலும், விஎஸ் கோடின் லேடெக் வொர்க்‌ஷொப் நீட்சியிலும் இது முன்னிருப்பாகவே உள்ளது. தமிழ் ஆவணங்களுக்கு நாம் பயன்படுத்தும் ஸீலேடெக், லுவாலேடெக் ஆகிய தொகுப்பிகள் இரண்டும் இதை ஏற்கின்றன. டெக்ஸ்டுடியோவில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மூலத்தில் சொடுக்கினால் பக்கத்துக்கும், பக்கத்தில் சொடுக்கினால் மூலத்துக்கும் செல்லலாம். லேடெக் வொர்க்‌ஷொப்பில் பக்கத்திலிருந்து திரும்புவதற்கு அதே சொடுக்கு உதவும். மூலத்திலிருந்து செல்வதற்குக் கன்ட்ரோல், ஆல்ட், ஜே விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். கர்சர் நகரும்போதெல்லாம் பக்கமும் தானாக நகரும் தெரிவு டெக்ஸ்டுடியோவில் உண்டு. சிறிய மடிக்கணினித் திரையில் அது கண்ணை அலைக்கழிப்பதால் நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

சின்க்டெக், ஒவ்வொரு தொகுப்பின்போதும், பக்கத்தின் எந்த இடம் எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதைத் தனிக் கோப்பொன்றில் பதிந்து வைக்கிறது; அவ்வரிக்குள் எத்தனையாவது எழுத்து என்பதை அது பதிவதில்லை. ஆகவே ஒரு பந்தி முழுவதையும் ஒரே நீண்ட வரியாகத் தட்டச்சு செய்பவருக்குச் சொடுக்கின் பயன் பாதியாகிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குங்கள். இடையில் வெற்று வரி விடாதவரை, வெளியீட்டில் அவை ஒரே பந்தியாகவே சேரும்.

மூலத்தைத் திருத்திவிட்டுத் தொகுக்காமல் சொடுக்கினால் பழைய பதிவே வழிகாட்டும்; மேலே பத்து வரிகளைச் சேர்த்திருந்தால் பத்து வரிகள் தள்ளிப் போய் நிற்க நேரலாம். பதிவில் கோப்புகளின் முழுப் பாதையும் இருப்பதால், வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கணினியில் தொகுத்த கோப்புறையைப் பென் டிரைவில் களுவாஞ்சிகுடி வீட்டுக்குக் கொண்டுவந்தால், அங்கே ஒருமுறை மீண்டும் தொகுத்த பின்னரே சொடுக்கு சரிவர வேலை செய்யும். மின்வெட்டினால் தொகுப்பு இடையில் நின்றுபோனால், பெயரின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் ‘பிஸி’ என்ற ஆங்கிலச் சொல்லுடன் ஒரு கோப்பு எஞ்சியிருக்கக்கூடும். அதை அழித்துவிட்டு மறுபடி தொகுக்கவும். பொருளடக்கத்தில் சொடுக்கும்போது உங்கள் அத்தியாயத்துக்குப் பதிலாகத் தொகுப்பி தானே எழுதிய துணைக்கோப்பு திறந்தால், அதில் எதையும் திருத்த வேண்டாம். அடுத்த தொகுப்பிலேயே அத்திருத்தம் மறைந்துவிடும்.

மேற்பார்வையாளருக்கு அனுப்பும்போது பி.டி.எஃப் மட்டும் போதும். சின்க்டெக் கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.