லேத்தில் ஆறு துளை சமமாக விழ, நாமே செய்யும் இன்டெக்சிங் (வட்டத்தைச் சம பாகமாகப் பிரித்து நிறுத்தும் ஏற்பாடு)

அம்பத்தூரில் எங்கள் பட்டறையில் ஃபிளாஞ்சுக்கு (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) ஆறு துளை என்றால் டிவைடரை (இரண்டு முனையும் கூரான கவராயம்) எடுத்துச் சுற்றிவருவோம், கடைசி அடி முதல் புள்ளியில் விழாமல் அரை மில்லி தள்ளி நிற்கும், அப்புறம் உருட்டு அரத்தால் துளையை இழுக்க வேண்டியதுதான். வட்டத்தைப் பிரிக்கவே இருக்கும் டிவைடிங் ஹெட் என்ற கருவியை வாங்கினால்தான் தீரும் என்றில்லை. ஒரு கியரில் வட்டம் ஏற்கெனவே சமமாகப் பிரிந்துதானே இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும்.

60 பல் கியர் எடுங்கள். 2, 3, 4, 5, 6, 10, 12 பாகம் எல்லாம் அதில் வரும்; 8 வராது, அதற்கு 40 அல்லது 48. லேத்தோடு வந்த சேஞ்ச் கியரிலேயே (மரை வெட்டும்போது மாற்றிப் போடும் கியர்கள்) இருக்கலாம். புதுப்பேட்டைப் பக்கம் பழையது தேடினால் நேர்ப்பல்லாகப் பாருங்கள், வண்டி கியர்பாக்ஸில் பெரும்பாலும் சாய்வுப் பல்தான்.

சக்கை (வேலையைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சுழற்றும் தண்டுதான் ஸ்பிண்டில்; அதன் பின்பக்கத் துளைக்கு இறுக்கமாக ஒரு புஷ் (உருளைக் குழல்) கடைந்து, ஹாக்ஸாவால் நான்கு பிளவு போட்டு, நடுவில் போல்ட் டேப்பர் நட்டை இழுக்கும்போது விரிந்து பிடிக்கிற மாதிரி செய்யுங்கள். கியர் இதன் மேல் உட்காரும். இடையில் வேறு கியர் வந்தால் பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டம்) எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கியரின் பல்லிடுக்கில் நுழைந்து ஸ்பிண்டிலை நிறுத்துகிற பின்னில்தான் (pin) உயிரே இருக்கிறது. 12 மில்லி ராடின் நுனியை, காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைச் சாய்வாக நகர்த்தும் பாகம்) 20 டிகிரி திருப்பிக் கூம்பாகக் கடையுங்கள், முனையைக் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். கூம்பு இரண்டு பல்லின் பக்கங்களிலும் படிய வேண்டும், அடியைத் தொடவே கூடாது. பின்னைத் தாங்கும் பிராக்கெட்டில் துளையை ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) போட்டு முடியுங்கள், வெறும் ட்ரில் துளையில் பின் ஆடும். பின் கியரின் நடுவை நோக்கி நிற்கட்டும், பின்னால் ஒரு ஸ்பிரிங். பிராக்கெட்டை கியர் கவரின் ஸ்டட்டிலேயே பிடிக்கலாம், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கைத் துளைக்க வேண்டாம்.

துளை போட, டூலைப் பிடிக்கும் டூல்போஸ்ட்டில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்து, சக்கில் ட்ரில்லை மாட்டி அங்கேயே துளையுங்கள், சென்டர் உயரம் தானாக வந்துவிடும். பிறகு ஃபிளாஞ்சைச் சக்கில் மாட்டி, கிராஸ் ஸ்லைடை (டூல்போஸ்ட்டைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) பி.சி.டி.யில் (துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) பாதி நகர்த்தி, அந்தத் துளை வழியாகக் கை ட்ரில்லை விடலாம்.

இன்டெக்சிங் மாட்டுவதற்கு முன்பே லேத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பின் உள்ளே இருக்கும்போது யாராவது ஸ்விட்சைத் தட்டினால் பல் சிதறும். 6 துளைக்குப் பத்துப் பத்துப் பல்லாகச் சாக்பீஸால் குறித்து, ட்ரில் இல்லாமல் ஒரு சுற்று வாருங்கள். ஏழாவது தடவை பின் முதல் குறியிலேயே விழுந்தால் சரி, துளையை ஆரம்பிக்கலாம்.