மீட்கப்பட்ட பூனைக்குட்டியை வளர்க்கலாமா? முடிவெடுக்க ஒரு செய்முறை

பூனைக்குட்டியின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையை நம்பி மட்டும் முடிவெடுக்க வேண்டாம். குட்டிப் பருவம் ஒரு வருடம்தான். அதற்கப்புறம் அது 15 வருடம், சில சமயம் அதற்கும் மேல், உங்கள் வீட்டில் வாழப்போகிற பூனை. கீழே உள்ள படிகளை வரிசையாகப் பாருங்கள். எந்தப் படியிலும் ‘முடியாது’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

படி 1: அதற்கு உண்மையிலேயே உதவி தேவையா?

காப்பகத்திலிருந்து எடுப்பதாக இருந்தால் இதைத் தாண்டிவிடலாம். வெளியே கண்டெடுத்த குட்டி என்றால், தொடுவதற்கு முன் தள்ளி நின்று கவனியுங்கள். தாய் இரை தேடிச் சில மணி நேரம் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டும் இருக்கலாம். குட்டி சுத்தமாக, வயிறு நிரம்பி, அமைதியாகத் தூங்கினால் பெரும்பாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும். அவசரப்பட்டுத் தூக்கினால், தாயிருக்கும் குட்டியை நாமே அநாதையாக்கிவிடுவோம்.

காயம், எறும்பு, சில்லிட்ட உடல், நாய் அல்லது வாகன ஆபத்து என்றால் காத்திருக்காதீர்கள். சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் புகட்டவும் கூடாது, அந்த நிலையில் செரிக்காது. முதலில் துணியில் சுற்றி மெல்லச் சூடாக்கி, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

படி 2: வயதைக் கண்டுபிடியுங்கள்

முடிவில் பாதி இதைப் பொறுத்தது. பிறந்து 7 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். 3 வாரத்தில் தள்ளாடி நடக்கும். 8 வாரத்தில் சுமார் 800, 900 கிராம் எடையோடு தானே சாப்பிடும்.

நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டி என்றால், வயதைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் பால் கொடுக்க வேண்டும். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவுதான் சரி. குப்புறப் படுத்த நிலையில் ஊட்டுங்கள், மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். மிகச் சிறிய குட்டிகளுக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நக்கிவிடுவதுபோல, ஊட்டும்போதெல்லாம் ஈரத் துணியால் தடவிவிட வேண்டும். இதற்கு ஆள் இல்லையென்றால், அனுபவமுள்ளவரிடம் ஒப்படைப்பதுதான் அந்தக் குட்டிக்கு நல்லது. முதன்முறை வளர்ப்பவர்கள் 8 வாரம் தாண்டிய குட்டியை எடுங்கள் என்பதே என் கருத்து.

படி 3: வீட்டில் இருப்பவர்களிடம் பேசுங்கள்

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம் முதலில். ஒவ்வாமை இருக்கிறதா என்று அறிய, பூனை இருக்கும் வீட்டில் சில முறை நேரம் செலவழித்துப் பாருங்கள். ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் உள்ள புரதம், ஆகவே முடி குறைந்த பூனை என்றால் பிரச்சினை இராது என்று நம்ப வேண்டாம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையே ஆகாது என்று பலர் பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி. அது பூனையின் மலத்தோடு வெளிவந்து, தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். பூனை மலம் கழிக்கும் மணல் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறையும்.

படி 4: செலவை எழுதிப் பாருங்கள்

6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை தொடரும். ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து, உணவு, மணல், எதிர்பாராத மருத்துவச் செலவு எல்லாவற்றையும் சேருங்கள். கருத்தடை அறுவைக்கும் பணம் ஒதுக்குங்கள். பெண் பூனை 4 மாதத்திலேயே கருத்தரிக்கலாம், ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். கருத்தடை செய்ய மனமில்லை என்றால் தயவுசெய்து பூனை எடுக்காதீர்கள். மீட்கப்பட வேண்டிய குட்டிகள் பெருகுவதே இப்படித்தான்.

படி 5: உடல்நிலையைக் கேளுங்கள்

கண், மூக்கில் ஒழுக்கு, வயிற்றுப்போக்கு, தோலில் வட்டத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத் திட்டு படர்தாமரையாக இருந்தால் மனிதர்களுக்கும் ஒட்டும், ஆனால் குணமாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) சோதனை ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். சோதனையில் தெரிவது, கிருமியை எதிர்க்கத் தாயின் உடலில் உருவாகிக் குட்டிக்கு வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம், பிறகு மறுபடி சோதிப்பார்கள்.

படி 6: இன்னும் தயக்கமா?

தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கலாம். இரண்டு வாரம் தனி அறையில் வைத்துப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் நோய் பரவாமலிருக்க எப்படியும் இது தேவை. இரவில் கத்துவது, சோபாவைப் பிறாண்டுவது, தினமும் மணல் அள்ளுவது எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். சரிவராது என்று தோன்றினால், காப்பகத்திடம் அப்போதே சொல்லிவிடுங்கள். குட்டியாக இருக்கும்போது வேறு வீடு கிடைப்பது சுலபம்.