மறுநாளே வீட்டுக்கா? கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

கர்ப்பப்பையை எடுத்த மறுநாள் டாக்டர் வந்து "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். அதைக் கேட்டு ஒரு பெண்ணுக்கு நிம்மதி. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கோ, கட்டில் காலியாக வேண்டும் என்று நம்மை அனுப்புகிறார்களோ என்ற கலக்கம். இரண்டு பேருக்கும் ஒரே சிகிச்சைதான். முதல் பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அடுத்தவருக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. விரைவு மீட்பு முறையில் நோயாளிக்குத் திருப்தி வருவதும் வராததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது, அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலையை ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குங்கள்.

ஈராஸ் (ERAS, Enhanced Recovery After Surgery) என்று மருத்துவமனைகளில் சொல்வது இந்த விரைவு மீட்பு முறையைத்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1990களில் குடல் ஆபரேஷன்களில் செய்து காட்டியது, பிறகு மகளிர் நோய் சிகிச்சைக்கும் வந்தது. பட்டினி, நீண்ட படுக்கை, தேவையில்லாத குழாய்கள் இதையெல்லாம் குறைத்தால் உடம்பு தானாகவே சீக்கிரம் தேறும், அவ்வளவுதான் விஷயம்.

முதலில் ரத்தம். ஃபைப்ராய்டு கட்டியால் மாதாமாதம் அதிக உதிரப்போக்கு இருந்தவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருக்கும், அதைக் கடைசி வாரத்தில் ஏற்றிவிட முடியாது, இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அப்புறம் பட்டினி. திட உணவை 6 மணி நேரம் முன்பும், தண்ணீர் போன்ற தெளிந்த பானங்களை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். இருந்தும் பழைய வழக்கப்படி நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லும் இடங்கள் உண்டு. சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் கணக்கு மாறும், ஆகவே உங்களுக்கு எத்தனை மணி என்று மயக்க மருந்து டாக்டரிடமே கேளுங்கள். பஸ்ஸில் போனால் குமட்டும், முன்பு ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வந்தது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.

அதிக மனக்குறை வருவது வலி விஷயத்தில்தான். இந்த முறையில் மார்ஃபின் வகை மருந்துகளைக் குறைப்பார்கள், ஏனென்றால் குமட்டல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் மூன்றும் அதனால் வரும். பதிலாகப் பாராசிட்டமாலும் வேறு வலி மாத்திரைகளும் மணிக்கணக்குப்படி வரும். இதைச் சொல்லாமல் விட்டால் "வலிக்குக்கூட மருந்து தர மாட்டேன் என்கிறார்களே" என்றுதானே தோன்றும்? வலி துளியும் இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இருமவும், திரும்பிப் படுக்கவும், நாலு அடி நடக்கவும் முடிகிற அளவுக்கு அது அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள், வலி 10-க்கு எத்தனை என்று நர்ஸிடம் சொல்லி மருந்து கேளுங்கள். லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன் என்றால் தோள்பட்டை வலிக்கலாம், வயிற்றில் செலுத்திய வாயு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசையை உறுத்துவதால் வருவது, ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

அன்றே எழுந்து உட்காரச் சொல்வார்கள், சாப்பிடவும் சொல்வார்கள், சிறுநீர்க் குழாயைப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எடுத்துவிடுவார்கள். எழும்போது ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுங்கள். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் இழுக்காது.

வீட்டுக்கு அனுப்ப நாட்களை எண்ணுவதில்லை. சாப்பிட முடிகிறதா, நடக்க முடிகிறதா, சிறுநீர் போகிறதா, மாத்திரையிலேயே வலி அடங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், அது அடம் பிடிப்பது ஆகாது. கிளம்பும் முன் இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, நிற்காத வாந்தி, சிறுநீர் பிரியாமை, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்றால் உடனே அழையுங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ போனில் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, கேட்கக் கூச்சப்பட்டு நிறைய பேர் விட்டுவிடுவது. சினைப்பைகள் இரண்டையும் எடுக்கிறார்களா? மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்ணுக்கு அப்படி எடுத்தால் சில நாட்களிலேயே உடம்பு குப்பென்று சூடாகும், வியர்க்கும், தூக்கம் கெடும், மனம் தடுமாறும். காரணம் தெரியாமல் வீட்டில் தனியாக அதைத் தாங்குவது கொடுமை. தாம்பத்தியம் எப்போது, கனமான பொருளை எப்போது தூக்கலாம் என்பதையும் இதோடு சேர்த்து, முடிந்தால் கணவரையோ கூட இருந்து பார்த்துக்கொள்பவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்.

கருத்துப் படிவத்தை டிஸ்சார்ஜ் அன்றே நீட்டுவார்கள். நல்லபடியாக முடிந்ததே என்ற நன்றியில் எல்லாவற்றுக்கும் "மிக நன்று" போட்டுவிடத் தோன்றும். ஆனால் சிரமங்கள் தெரிவது வீட்டில் முதல் வாரத்தில்தான். மலச்சிக்கலுக்கு மருந்து தரவில்லை, போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை, கட்டை எப்போது பிரிப்பது என்று சொல்லவில்லை என்பதையெல்லாம் குறித்து வைத்து, மறுபரிசோதனைக்குப் போகும்போது எழுத்தில் கொடுங்கள்.