துகள் இயற்பியல் மாஸ்டர்கிளாஸ்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

2005 முதல் ஆண்டுதோறும் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 15 முதல் 19 வயது மாணவர்களுக்காக ‘இன்டர்நேஷனல் மாஸ்டர்கிளாஸஸ்’ நடக்கிறது. ஒரே நாள்தான். காலையில் விரிவுரை, மதியம் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தின் எல்.எச்.சி. துகள் முடுக்கியில் பதிவான நிஜத் துகள் மோதல்களைக் கணினியில் அலசுவது, மாலையில் பிற ஊர் மாணவர்களோடு வீடியோ சந்திப்பு. இதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இயற்பியல் தெரியாததால் வருபவை அல்ல. விடையை முதலிலேயே தெரிந்துகொண்டு அளவீட்டை அதற்கேற்ப வளைக்கும் பள்ளி ஆய்வகப் பழக்கம்தான் காரணம்.

எல்.எச்.சி.யின் மோதல்களைப் பதிவுசெய்யும் அட்லஸ் டிடெக்டரின் தரவில், இசட் போசான் என்ற கனமான துகளைத் தேடும் பயிற்சியைப் பாருங்கள். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரண்டு மியூவான்களையோ (எலக்ட்ரானின் கனமான உறவினர்), ஓர் எலக்ட்ரான்-பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஜோடியையோ தேர்ந்தெடுத்தால், அவை எந்தத் துகளிலிருந்து பிறந்தனவோ அதன் நிறையை மென்பொருள் கணக்கிடும். இசட் போசானின் நிறை சுமார் 91 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) என்று காலையிலேயே சொல்லியிருப்பார்கள். அதனால் 3.1 என்று வந்தால் ‘தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம்’ என்று அழித்துவிடுகிறார்கள். ஆனால் 3.1 என்பது ஜே/சை துகளின் நிறை. 1974-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்து, நோபல் பரிசும் பெற்ற துகள் அது! 9.5 பக்கம் உப்சிலான் என்ற இன்னொரு துகள் இருக்கிறது. 88, 94 என்று வருவதும் பிழையல்ல. இசட் பிறந்த கணமே சிதைந்துவிடுவதால் அதன் நிறைக்கே சுமார் 2.5 அகலம் உண்டு; டிடெக்டரின் துல்லிய வரம்பு அதை இன்னும் கொஞ்சம் விரிக்கும். விதிப்படி தேர்ந்தெடுத்த ஜோடி என்றால், எண் பிடிக்காவிட்டாலும் பட்டியலில் இருக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) சேர்த்ததும் 125 என்று வந்துவிடும், உடனே ‘ஹிக்ஸ்!’ என்று ஒரு கூச்சல். ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறை 125தான்; ஆனால் அது இல்லாமலேயே அந்த எண்ணைத் தரும் மோதல்கள் ஏராளம். 2012 ஜூலை 4 அன்று செர்ன் அறிவித்தது, குவிந்துகிடந்த தரவின் வரைபடத்தில் 125 பக்கம் தெரிந்த ஒரு சிறு மேட்டைத்தான். தனி ஒரு மோதலைக் காட்டி ‘இது ஹிக்ஸ்தான்’ என்று அங்கே வேலை செய்பவராலும் சொல்ல முடியாது.

அப்புறம், திரையை வாசிப்பதில் வரும் குழப்பங்கள். டிடெக்டரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முனைப் பக்கமாகப் பறக்கும் துகள்கள் அதில் தெரியாமல் போகலாம். பக்கவாட்டுத் தோற்றத்தையும் பார்த்தால்தான் தொலைந்த மியூவான் கிடைக்கும். நன்றாக வளைந்து சுருளும் தடம் கண்ணைக் கவரும், ஆனால் அது உந்தம் குறைந்த துகள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் நேர்கோடு போலத் தெரியும் தடம். ஃபோட்டானுக்குப் பொதுவாகத் தடமே கிடையாது, கலோரிமீட்டர் என்ற ஆற்றல் அளக்கும் பகுதியில் ஆற்றல் மட்டும் பதிவாகும்.

‘காணாமல் போன ஆற்றல்’ என்று காட்டும் கோட்டைத் துகளின் தடம் என்று எண்ணுபவர்களும் உண்டு. மோதவிடப்படும் துகள் கற்றைக்குக் குறுக்காக உள்ள உந்தங்களைக் கூட்டும்போது கணக்கு உதைப்பதை வைத்து, டிடெக்டரில் சிக்காத நியூட்ரினோ என்ற துகள் தப்பியிருக்கலாம் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான். இசட்டைப் போன்ற, ஆனால் மின்னூட்டம் கொண்ட டபிள்யூ போசானைத் தேடும் பயிற்சிக்கு அந்தக் கோடு அவசியம். அங்கே எதிர்மின்னூட்ட டபிள்யூவைவிட நேர்மின்னூட்ட டபிள்யூ அதிகமாக வந்தால் பதறி, இரண்டையும் சமமாக்க முயல வேண்டாம். மோதவிடப்படும் புரோட்டானுக்குள், அதை ஆக்கும் சிறு துகள்களான குவார்க்குகளில் நேர்மின்னூட்ட அப் குவார்க் இரண்டு, எதிர்மின்னூட்ட டவுன் குவார்க் ஒன்று என்பதால் அப்படித்தான் வரும்.

பக்கத்து மேசையின் எண்ணைப் பார்த்து உங்கள் முடிவை மாற்றாதீர்கள். வெவ்வேறு மோதல்களை வெவ்வேறு மாணவ ஜோடிகள் பார்ப்பதால்தான் எல்லாவற்றையும் சேர்த்த வரைபடத்துக்கு மதிப்பு. வீடியோ சந்திப்பில் சரியான விடையை ஒப்பிப்பதைவிட, முடிவுசெய்ய முடியாத ஒரு மோதலின் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு ‘இதை எப்படி வகைப்படுத்துவீர்கள்?’ என்று கேட்கலாம். எதிர்முனையில் இருக்கும் இயற்பியலாளர்களுக்கும் அந்த மாதிரிக் கேள்விதான் பிடிக்கும்.