மாடிக் கணினியின் வீடியோ கூடத்து டிவிக்கு வரவில்லையா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், எங்கள் சொந்தக்காரர்களில் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு என்னிடம் கேட்பது இதைத்தான்: "கல்யாண வீடியோ எதுவும் டிவியில் வரவில்லையே, அழிந்துவிட்டதா?" அழியவில்லை. பதறிப்போய் எதையும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

பழுது எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கணினியும் டிவியும் இணைந்துள்ள அதே வைஃபையில் உள்ள கைப்பேசியில் வி.எல்.சி. செயலியைத் திறந்து, உள்ளூர் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். அங்கே கணினியின் பெயர் தெரிந்து வீடியோவும் ஓடினால், பார்க்க வேண்டியது டிவியைத்தான். பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் கழித்து மாட்டுங்கள். டிவியில் கணினியின் பழைய ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) பதிவாகியிருந்தால், அதை அழித்துவிட்டுக் கணினியின் இப்போதைய முகவரியைக் கொடுங்கள்.

கைப்பேசியிலும் தெரியவில்லை என்றால் கணினிக்கு வாருங்கள். செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் விவரங்களைத் திறந்தால், அது 'பப்ளிக்' என்று இருக்கக்கூடும். அப்படி இருந்தால், ரயில் நிலைய வைஃபையில் இருப்பதைப் போலக் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். மேம்பட்ட பகிர்வு அமைப்புகளில் நெட்வொர்க் டிஸ்கவரி (மற்ற கருவிகளுக்குக் கணினியைக் காட்டும் வசதி), கோப்புப் பகிர்வு இரண்டும் இயங்குகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். டிவி நேரடியாக டி.எல்.என்.ஏ. (வீட்டு நெட்வொர்க்கில் வீடியோவை டிவிக்கு அனுப்பும் முறை) வழியில் எடுப்பதாக இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'மீடியா ஸ்ட்ரீமிங்' என்று ஆங்கிலத்தில் தேடி அதையும் இயக்க வேண்டும்.

பெயர் தெரிகிறது, கோப்புறை மட்டும் திறக்கவில்லை என்பதுதான் பலரையும் படுத்துகிற சிக்கல். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் எஸ்.எம்.பி. (விண்டோஸ் கோப்புறைகளைப் பகிரும் முறை) இணைப்புகளுக்குக் கையொப்பச் சரிபார்ப்பு, அதாவது தகவல் உரியவரிடமிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் டிஜிட்டல் சோதனை, கட்டாயம். கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழையும் பழைய வழியில் அந்தக் கையொப்பம் கிடையாது. அதனால் இணைப்பு மறுக்கப்படும். சரிபார்ப்பையே நிறுத்திவிடும்படி சிலர் சொல்வார்கள். நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆதார் நகலும் வங்கிக் காகிதங்களும் அதே கணினியில்தானே இருக்கின்றன! கணினியில் டிவிக்கென்று தனியாக ஓர் உள்ளூர்க் கணக்கைத் தொடங்குங்கள், கடவுச்சொல் கொடுங்கள், வீடியோ கோப்புறையை அந்தக் கணக்குக்கு 'படிக்க மட்டும்' அனுமதியோடு பகிருங்கள். கோப்புறையின் ப்ராப்பர்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி ஆகிய இரண்டு இடங்களிலும் அந்த அனுமதி இருக்க வேண்டும். டிவியில் இந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். கணினியைத் திறக்கும் பின் எண் இங்கே உதவாது; அது அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. மிகப் பழைய டிவிகள் இந்தச் சரிபார்ப்புக்கு ஈடுகொடுக்காமல் போகலாம், அவற்றுக்கு டி.எல்.என்.ஏ. போதும்.

பாதியில் நின்றுபோனால், கணினி தூங்கிவிடுகிறதா என்று பவர் அமைப்பைப் பாருங்கள்.

பழைய வி.சி.டி.யிலிருந்து எடுத்த '.டாட்' கோப்பு மட்டும் ஓடவில்லையா? உள்ளே இருப்பது எம்பெக்-1 வீடியோதான். பெயரின் கடைசியை '.எம்பிஜி' என்று மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.