ஓர் அரசாணை அளவு மீறியதா என்று ஆராய்வது எப்படி?

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று நம் ஊரில் கேட்பார்கள். சட்டத்தில் விகிதாசாரக் கோட்பாடு எனப்படுவதும் ஏறக்குறைய இதே கேள்விதான். நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், அதற்காக அரசு எடுக்கும் நடவடிக்கை மக்களின் உரிமையைத் தேவைக்கு மேல் பறிக்கக் கூடாது. ஜெர்மானியச் சட்ட மரபில் வளர்ந்த இந்தக் கோட்பாட்டை, 2017இல் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி வழக்கு உட்படப் பல வழக்குகளில் இந்திய உச்ச நீதிமன்றம் கைக்கொண்டிருக்கிறது.

உங்களைப் பாதிக்கும் ஓர் ஆணையை இதன்படி ஆராய விரும்பினால், அதன் நோக்கத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நோக்கம் என்னவென்றே ஆணை சொல்லவில்லை என்றால், அதுவே முதல் ஆட்சேபம். அடுத்து, எடுத்த நடவடிக்கை அந்த நோக்கத்தை நிறைவேற்ற உதவுமா என்று பாருங்கள். இந்தக் கட்டத்தில் தோற்கும் ஆணைகள் குறைவு என்பதால் இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்குத்தான் உழைப்பு தேவை. இதே பலனை, உரிமையை இவ்வளவு பாதிக்காத வேறு வழியில் பெற முடியாதா? "வேறு வழி இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அந்த வழி எது, அது ஏன் போதுமானது என்று காட்ட வேண்டும். 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் முடக்கப்பட்ட இணையம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், 2020 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலவரையறையற்ற முடக்கம் கூடாது என்றும், மக்கள் எதிர்த்து வழக்காட ஏதுவாக அத்தகைய ஆணைகளை வெளியிட வேண்டும் என்றும் கூறியது. ஆயினும் முடக்கத்தைத் தானே நீக்காமல், ஆணைகளை மறுஆய்வு செய்யும்படி அரசிடமே விட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. எனவே ஆணை எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு, யாருக்குப் பொருந்துகிறது என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். மிகை பெரும்பாலும் அங்கேதான் தென்படும்.

கடைசியாக, கிடைக்கும் நன்மையையும் நேரும் இழப்பையும் எதிரெதிரே வைத்து எடைபோட வேண்டும். இழப்பை இயன்றவரை துல்லியமாக, நின்றுபோன வருமானம், தவறிய தேர்வு, கிடைக்காத சிகிச்சை என்று எழுதுங்கள்.

பணியாளர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கைகளிலும் இந்தக் கோட்பாடு பயன்படுகிறது. உணவருந்தும்படி இட்ட ஆணையை மறுத்ததற்காகச் சிறைத்தண்டனையும் பணிநீக்கமும் பெற்ற ராணுவ வீரர் ரஞ்சித் தாக்கூரை, 1987இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பணியில் சேர்க்கச் செய்தது. ஆனால் இவ்வகை வழக்குகளில், மனசாட்சியை உலுக்கும் அளவுக்குத் தண்டனை மிகையாக இருந்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும். அப்போதும் பொதுவாகத் தண்டனையை மறுபரிசீலனை செய்யும்படி துறைக்கே திருப்பி அனுப்பும். ஆகவே மேல்முறையீட்டு மனுவிலேயே, எந்தக் குறைந்த தண்டனை போதுமானது என்பதையும், உங்கள் பணிக்காலத்தையும், முன்பு தண்டனை ஏதும் இல்லாதிருந்தால் அதையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.